எட்டாம் நாள் இலையில் ஒரு ஹொட் டோக்

நில அளவைக் கந்தோரில் இருபத்திரண்டு வருடமாகப் படவரைஞராக இருக்கும் சுஜந்தன், உலகத்தில் தனக்கு இரண்டு விஷயங்கள் முழுமையாகத் தெரியும் என்று நம்பியிருந்தார். ஒன்று ஹொட் டோக். மற்றது மனைவி நிரஞ்சலா. நிரஞ்சலா இறந்த ஏழாம் நாள் காலை பத்தரை மணிக்கு, இரண்டுமே அவருக்குத் தெரியாது என்பது வெளிச்சமாகிவிட்டது.

முதலில் ஹொட் டோக்கைச் சொல்ல வேண்டும். அதைப் பற்றி அவர் எங்கே படித்தார் என்று கேட்டால் பதில் கொஞ்சம் வெட்கக்கேடானது. வெளிநாடு என்று அவர் போனது ஒரே ஒரு தடவை, சென்னைக்கு, அதுவும் கண் வைத்தியத்துக்கு. மிச்சமெல்லாம் கைபேசியில் பார்த்த காணொளிகள். ஆனால் பார்த்ததை அவர் சும்மா விடுபவர் அல்ல. சொசேஜ்களை ஏழு வகையாகப் பிரித்தார். கோழி, மீன், சீஸ் வைத்தது, பூண்டு போட்டது, உறைப்புக் கொச்சிக்காய் கலந்தது, நீர்கொழும்புப் பக்கத்து லிங்குஸ், கடைசியாக "பேக்கரிக் குற்றம்" என்று ஒரு வகை. இந்தக் கடைசி வகை, பின்னேரத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வரும் சூன் பாண் ஓட்டோவில் குளிர்ந்துபோய்க் கிடப்பது. அதையும் அவர் வாங்குவார், குற்றம் சொல்வதற்காக. சொல்லிக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டுவிடுவார்.

மேலே என்ன போடுவது என்பதில் அவருக்குச் சட்டமே இருந்தது. சொசேஜைப் பொரிக்கக் கூடாது, கொதிக்காத வெந்நீரில் அவிக்க வேண்டும். பணிஸை ஆவியில் காட்ட வேண்டும். முதலில் கடுகு விழுது ஒரு கோடு. அதன் மேல் தக்காளி சோஸ், கோடு கோட்டோடு முட்டாமல். பிறகு வெங்காயம், கடலைப் பருப்பின் அளவுக்கு வெட்டியது. மொறுமொறுப்பான எதுவும் கிட்ட வரக் கூடாது. "மெதுவான சாப்பாட்டில பல்லுக்கு வேலை குடுக்கிறது பிழை" என்பது அவருடைய கட்சி. இந்த அமைப்பின் குறுக்குவெட்டு முகத்தை உண்மை அளவில் கீறி, வர்ணமும் தீட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார். அதை முதல்முதல் பார்த்த நிரஞ்சலா வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இதில வடக்கு எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டாள்.

பதினாறு வருடமாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் மஹய்யாவையில் உள்ள வீட்டிலிருந்து இரண்டு பேரும் வாவிக்கரைக்கு நடந்து போவார்கள். அங்கே வான் வண்டி ஒன்றில் வைத்து விற்பவனிடம் சுஜந்தன் இரண்டு ஹொட் டோக் சொல்லுவார். சொல்லுவார் என்பது மரியாதைக்கு. உண்மையில் கட்டளையிடுவார். சோஸை முதலில் ஊற்றியதற்காக அவனை ஒருமுறை திருப்பிச் செய்ய வைத்ததும் உண்டு. பிறகு வாவிக்கரைக் கட்டின்மேல் உட்கார்ந்து, சாப்பிட்டபடி, அன்றைய ஹொட் டோக்கின் குறைநிறைகளை அரை மணித்தியாலம் விளக்குவார். நிரஞ்சலா கேட்டுக்கொண்டே தன்னுடையதைச் சாப்பிடுவாள். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. சுஜந்தன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாரும் வாய் திறக்காத வரைக்கும் அவருடைய கட்சிதான்.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து நிரஞ்சலா போய்ச் சேர்ந்தாள். நாற்பத்து நாலு வயது. பிள்ளைகள் இல்லை. கோண்டாவிலிலிருந்து அவளுடைய தங்கை பிரியாந்தினி வந்து வீட்டைப் பொறுப்பெடுத்தாள். ஆறாம் நாள் பின்னேரம் அவள் ஒரு கொப்பியும் பேனையுமாக வந்து அத்தானுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அத்தான், நாளையிண்டைக்கு எட்டாம் நாள். அக்காவுக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சு இலையில வைக்க வேணும். நண்டு எழுதியிருக்கிறன். றால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, மோதகம். வேற என்ன?"

"ஹொட் டோக்," என்றார் சுஜந்தன்.

பிரியாந்தினியின் பேனை நின்றது. "என்னது?"

"சனிக்கிழமை சனிக்கிழமை சாப்பிடுவா. ஆஸ்பத்திரிக்குப் போகுமட்டும் ஒரு கிழமை தவறினதில்லை. அது இல்லாமல் என்ன எட்டுச் செலவு?"

"அண்டைக்கு முழுநிலாப் பறுவமும் வருது. மச்சம் மாமிசம் வைக்கலாமோ எண்டு ஐயரிட்டக் கேட்டனான். எட்டுக்கு வைக்கலாமாம். நான் வாயில வைக்க மாட்டன், சமைச்சுத் தருவன். ஆனா உந்தப் பைக்கற் இறைச்சியை நான் கையாலையும் தொடன். உதுக்குள்ள என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்."

"நான் செய்வன்," என்றார் சுஜந்தன். அந்த நொடியில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை வந்தது உண்மை. செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு மனுசனுக்கு எதிலெல்லாம் பெருமை வருகிறது என்று பிறகு நினைத்து நாணினார். ஆனால் அப்போது வந்தது. கடைசியாக நிரஞ்சலாவுக்குச் செய்யக்கூடிய ஒரு காரியம், அதுவும் இந்த வீட்டில் அவரை விட்டால் வேறு யாருக்கும் தெரியாத காரியம்.

மறுநாள், ஏழாம் நாள் காலை, வத்தேகமவிலிருந்து நிரஞ்சலா படிப்பித்த பாடசாலையின் ஆசிரியைகள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். பதினொரு வருடம் அவளோடு ஒரே மேசையில் இருந்தவர் பஸ்னா டீச்சர். பிரியாந்தினி தேநீர் கொடுத்தபடி, அத்தான் இலையில் என்னவோ வைக்கப் போகிறாராம் என்று பேச்சை எடுத்தாள். கேட்கவும் வேண்டுமா? சுஜந்தன் எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, கடுகு, சோஸ், வெங்காயம் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

பஸ்னா டீச்சர் படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"சேர் கோவிச்சிக்க வாணாம். நிரஞ்சலா டீச்சருக்குத் தக்காளி சோஸைக் கண்ணுல காட்ட ஏலாதே."

"இல்லை டீச்சர், எங்கட நிரஞ்சலா கிழமைக்கு ஒருக்கா..."

"அது சனிக்கிழம. அது சேரோட. வியாழக்கிழம ஸ்கூல் விட்டு பஸ்ஸுக்கு முன்னுக்கு நஸீப் நானாட வண்டீல சாப்புடுறதுதான் அவங்கட ஹொட் டோக். நானும் கூட நிப்பேன்."

"அதில என்ன போடுறவா?"

"எனக்கு ஒறப்பு ஏலாது சேர், நான் வெறும் பணிஸ்தான் திண்ட. அவங்கடதுல என்னென்னமோ போடுவார். நஸீப் நானாக்குத்தான் தெரீம்."

அப்போது மணி பத்தரை. சுஜந்தனின் கையில் படம் அப்படியே இருந்தது. உண்மை அளவு, நாலு வர்ணம். ஒரு ஊரையே பிழையாக அளந்து, கீறி, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது போல.

ஆசிரியைகள் போனதும் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். பிரியாந்தினி வாசலில் மறித்தாள். "செத்த வீட்டுத் துடக்கோட எங்க வெளிக்கிடுறியள்?"

"வத்தேகமைக்கு."

"எட்டு முடியாமல் ஊர் சுத்துறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"நாளைக்குப் பறுவம். வண்டி பூட்டியிருக்கும், இறைச்சி ஒரு இடத்திலையும் கிடையாது. இண்டைக்குப் போகாட்டி நாளைக்கு நான் பிழையானதைத்தான் அவவுக்கு வைப்பன்." செருப்பைக் காலில் மாட்டினார். "பதினாறு வருஷம் பிழையானதைத்தான் குடுத்திருக்கிறன். கடைசித் தரமும் அதையே குடுக்கட்டோ?"

பிரியாந்தினி வழிவிட்டாள்.

பறுவ நாளான போயாவுக்கு முதல் நாள் என்பதால் வத்தேகம பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. மடவளை தாண்டும்வரை ஒரு பெண்ணின் தாமரைப் பூக்கள் அவருடைய மூக்கில் உரசிக்கொண்டு வந்தன. பஸ் நிலையத்தில் இறங்கியதும், மூலையில் கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு தள்ளுவண்டி. அதற்குப் பின்னால் நரைத்த தாடியும் வெள்ளைத் தொப்பியுமாக ஒருவர். வண்டியில் ஆவியில்லை, வெந்நீரில்லை. பெரிய இரும்புத் தகடு ஒன்றில் சொசேஜ்கள் பிளந்து மல்லாந்து கிடந்து கருகின. சுஜந்தனின் சட்டத்தில் இது முதலாவது குற்றம்.

"நஸீப் நானா நீங்கள்தானே? நான் நிரஞ்சலா டீச்சரின்ர..."

"தெரீம் சேர்." அவர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். "டீச்சர் மௌத்தான அன்டைக்கி வீட்டுக்கு நானும் வந்த. பொறத்தால நின்ட, சேர் கண்டீக்க மாட்டீங்க. நல்ல மனுசி. இரிங்க." வாங்கு ஒன்றை இழுத்து வைத்தார்.

சுஜந்தன் வந்த காரியத்தைச் சொன்னார். இறந்தவருக்கு விருப்பமானதை எட்டாம் நாள் இலையில் வைப்பது தங்களுடைய வழமை என்றும், அதைச் சரியாக வைக்க வேண்டும் என்றும், அதுதான் தனக்குத் தெரியவில்லை என்றும். கடைசி வசனம் வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஹொட் டோக் பற்றித் தெரியாது என்று அவர் யாரிடமும் சொன்னது அதுவே முதல் தடவை.

நஸீப் நானா சிரிக்கவில்லை. நாளை பின்னேரத்துக்கு என்றால் இன்றைக்கே செய்து கொண்டுபோகக் கூடாது, ஊறிவிடும், சாமான்களைத் தனித்தனியாகக் கட்டித் தருகிறேன் என்றார். பிறகு முறையைச் சொன்னார்.

"சொசேஜ நடுவுல பொளந்து தகட்டுல போடுங்க. ஓரம் கருகோணும், பயப்புட வாணாம். பணிஸ உள்பக்கம் மட்டும் சுடுங்க. மொதல்ல ஒறப்புக் கொச்சிக்கா இடிச்ச கட்டச் சம்பல், நல்லாவே பூசோணும். அதுக்கு மேல மலே அச்சாறு, வினாகிரில ஊறின மரக்கறி, தண்ணியப் புழிஞ்சிட்டு. கடேசியா மரவள்ளிப் பொரியல், கையால நொறுக்கி, மலை மாதிரி. சோஸ் வாணாம். கடுகு வாணாம்."

சுஜந்தன் தன்னையறியாமலே சட்டைப்பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து, பணிஸின் குறுக்குவெட்டைக் கீறத் தொடங்கியிருந்தார். சம்பலுக்குக் கோடுகள், அச்சாறுக்குப் புள்ளிகள். நிமிர்ந்தபோது நஸீப் நானா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர் செல்லினது சரிதான். எங்கட வீட்டுல ஒருத்தர் ஈக்கிறார், சொசேஜுக்கே ப்ளான் கீறுவார் என்டு செல்லுவாங்க."

"அப்ப எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"செல்லினா சேர் இதுக்கும் ஒரு சட்டம் போடுவீங்க என்டு பயம்." அவர் சொசேஜ் ஒன்றைப் புரட்டினார். "நானும் ஒரு நாளைக்கிக் கேட்ட. ஒத்துக்காத சாமான ஏன் டீச்சர் கெழமைக்கி ஒருக்கா போய்த் திங்கிற என்டு. சனிக்கிழம நான் திங்கப் போற இல்ல நானா, அவர் பேசுறதக் கேக்கப் போற என்டாங்க. அவர் கந்தோர்ல வாயே தொறக்க மாட்டாராம், அங்க மட்டுந்தான் அப்புடிப் பேசுவாராம்."

பஸ் ஒன்று பின்னால் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. சுஜந்தன் குறிப்புப் புத்தகத்தில் ஏற்கெனவே போட்ட புள்ளிகளின் மேல் இன்னும் புள்ளிகள் போட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒன்டு செஞ்சி தாறன், திண்டு பாருங்க சேர். அப்பதான் கைக்கு வெளங்கும்."

"வேண்டாம் நானா. படைக்கிற சாப்பாட்டை முதலே ருசி பார்க்கக் கூடாது. அவ சாப்பிட்ட பிறகுதான் நான்."

நஸீப் நானா தலையசைத்து, மூன்று சொசேஜும் மூன்று பணிஸும் மற்றவையும் பொதி செய்து கொடுத்தார்.

எட்டாம் நாள் பின்னேரம் சமையலறையில் ஒரு பக்கம் நண்டும் றாலும் தயாராக இருந்தன. மறுபக்கம் சுஜந்தன் நிரஞ்சலாவின் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு, அதை எப்போது தொட்டால் சுடும் என்று தெரியாமல் தொட்டுப் பார்த்துச் சூடு வாங்கிக்கொண்டார். ஹொட் டோக் பற்றிய அவருடைய புலமை முழுவதும் வாயால் ஆனது என்பதும், கைக்கு அதில் பங்கே இருந்ததில்லை என்பதும் அப்போது புரிந்தது. முதலாவது சொசேஜைப் பிளக்க மறந்து போட்டார். அது கல்லின் மேல் உருண்டு, விளிம்பைத் தாண்டி, அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. வாசலில் நின்ற பிரியாந்தினி மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஒண்டு போச்சு," என்றாள்.

இரண்டாவதைப் பிளந்து வைத்தார். ஓரம் கருகத் தொடங்கியதும் எடுத்துவிடக் கை போனது. பயப்புட வாணாம் என்ற குரலை நினைத்துக்கொண்டு பொறுத்தார். பணிஸைச் சுட்டார். சம்பலைப் பூசினார். அச்சாறைப் பிழிந்து வைத்தார். வைத்த பிறகு, பதினாறு வருடப் பழக்கத்தில் அவருடைய வலது கை தானாகவே குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தக்காளி சோஸ் போத்தலை எடுத்தது.

"அத்தான்," என்றாள் பிரியாந்தினி. "போத்தலை வையுங்கோ."

வைத்தார். மரவள்ளிப் பொரியலை நொறுக்கித் தூவினார். அது மலை மாதிரி வரவில்லை, மண் சரிந்த மலை மாதிரி வந்தது. கோணலாக இருந்ததை நிமிர்த்தப் போனவர், நிமிர்த்தினால் எல்லாம் கொட்டிவிடும் என்று அப்படியே இலைக்குக் கொண்டுபோனார்.

நிரஞ்சலாவின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் நண்டு, றால், பால்கறி, மோதகம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நடுவில் இது மட்டும் வழிதவறி வந்த விருந்தாளி போல் சரிந்து கிடந்தது. விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் வெளியே நின்றார்கள். ஐந்து நிமிடம் ஆனது. சுஜந்தன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?"

"அக்கா ஆறுதலாச் சாப்பிடட்டும்."

"இல்லை, பொரியல் நமுத்துப்போகும். அச்சாறின்ர ஈரம்..."

"அத்தான்," என்றாள் பிரியாந்தினி, "செத்த பிறகாவது அவவைத் தன்ர பாட்டில சாப்பிட விடுங்கோ."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. சுஜந்தனுக்கும் அதே பாதையில்தான் போயிற்று.

படைத்ததிலிருந்து ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, இலையில் செய்த கிண்ணம் போன்ற கல்லையில் வைத்து, சந்தியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். ஹொட் டோக்கை மட்டும் கொஞ்சமாக எடுக்க வழியில்லை, முழுதாகவே வைத்தார். சாமான் ஏற்றியிறக்கவும் ஆஸ்பத்திரிக்குப் போய்வரவும் மூன்று மாதமாக உதவிய வீரய்யா ஓட்டோவோடு வாசலில் நின்றார்.

"பெரிய சந்தி வேணாம் சார். டிராபிக் போலீஸ் நிக்கிறாரு, பன்சலைக்குச் சாமி கும்பிடப் போற சனம் வேற. குப்பை போட்டதா புடிச்சிருவாங்க. மேல ரயில் பாதைப் பக்கமா ஒரு சின்ன சந்தி இருக்கு, அங்க போவோம்."

பொழுதுபட்டு, மலைக்கு மேல் நிலா வந்துகொண்டிருந்தது. மூன்று ஒழுங்கைகள் கூடும் இடத்தில் மதிலோரமாகக் கல்லையை வைத்துவிட்டு, சுஜந்தன் முப்பது அடி தூரத்தில் நின்ற ஓட்டோவை நோக்கி நடந்தார். பாதி தூரம் வரவில்லை, பின்னால் ஏதோ காலடி. இலை சரசரத்தது. அவர் நின்றுவிட்டார்.

"திரும்பக் கூடாது சார்," என்றார் வீரய்யா, ஓட்டோவில் இருந்தபடி.

"திரும்பேல்லை. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கோ."

"கறுப்பு நாய் ஒன்னு வந்திருக்கு. நண்ட மோந்து பார்த்துட்டு விட்டிருச்சி. றாலையும் விட்டிருச்சி." கொஞ்சம் குனிந்து பார்த்தார். "அந்தப் பன்ன எடுத்திருச்சி சார்."

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கறுக், முறுக். ஆள் நடமாட்டமில்லாத ஒழுங்கையில் மரவள்ளிப் பொரியல் நொறுங்கும் சத்தம், தெளிவாக, அவசரமில்லாமல். பல்லுக்கு வேலை. பதினாறு வருடமாக அவர் தடை செய்து வைத்திருந்த சத்தம். சுஜந்தன் ஒழுங்கையின் நடுவில் அசையாமல் நின்று அதை முடியும்வரை கேட்டார்.

"தலைய ஆட்டுது சார், காரம் போல. ஆனா விடல."

"மிச்சம் வைக்குதோ?"

"எங்க மிச்சம்? எலைய நக்குது."

வீட்டுக்கு வந்து கால் கழுவி, நேரே சமையலறைக்குப் போய்த் தோசைக்கல்லை வைத்தார். மூன்றாவது சொசேஜ் உருளவில்லை. ஓரம் கருகியது, பணிஸ் உள்பக்கம் மட்டும் சிவந்தது. முதல் கடியிலேயே கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. பிரியாந்தினி, பறுவ விரதக்காரி, வாசலில் நின்று கேட்டாள்.

"உறைப்போ?"

"ஓம்."

"எப்பிடி இருக்கு?"

அவர் இன்னொரு கடி கடித்தார். பிழை எங்கே என்று நாக்கு வழக்கம்போல் தேடிப் போய், ஒன்றும் கிடைக்காமல் திரும்பியது. "என்ர ஹொட் டோக்கை விட நல்லா இருக்கு," என்றார். சொல்லி முடித்ததும் ஏனோ உடம்பு லேசாகிவிட்டது. பிரியாந்தினி தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, பாத்திரங்களைக் கழுவப் போனாள்.

சுஜந்தன் மிச்சத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு, நிரஞ்சலாவின் படத்துக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சனிக்கிழமை இல்லைதான். வாவிக்கரையும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நிரஞ்சலா, சம்பலை அடியில போடுறது சரி, அதை நான் ஒத்துக்கொள்ளுறன். ஆனா அந்த அச்சாறு இருக்குதல்லோ," என்று தொடங்கினார்.